பெல் ஏலீஸுக்கு அறுபது பேர்

கிறிஸ்தோப்பரின் கப்பலுக்கு மதாம் திபோ இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு அது கியூபெக்கின் லஷீன் துறையை விட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது அறுபது பயணிகளாவது அதில் இருக்க வேண்டும். இரண்டும் நடந்தால் அடுத்த கோடையிலும் அதற்குத் துறையில் இடம் உண்டு. ஒன்று தவறினாலும் ஒக்டோபரில் இழுவைப் படகு வந்து அதைப் பழைய இரும்புக்காரனிடம் கொண்டுபோய்விடும்.

மதாம் திபோ துறையின் பொறுப்பாளர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பாய்ப்படகுக்காரர்கள் அந்த இடத்தைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். பயணிகள் துறையில் பயணிகள் இல்லாத கப்பலுக்கு என்ன வேலை என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வியில் பிழை இல்லை. பன்னிரண்டு மணி என்பதும் அவர்களால் வந்ததுதான். அன்றைக்கு அவர்களுடைய பந்தயம். பன்னிரண்டு அடித்ததும் துறை வாசலை மூடிவிடுவார்கள். மாலை வரைக்கும் ஒரு தோணி கூட வெளியே போக முடியாது.

கிறிஸ்தோப்பருக்காகப் பேரம் பேச நான்தான் போனேன். சென்ட் மிஷேலில் சாறிக்கடை வைத்திருக்கிறவன் என்பதால் இப்படியான காரியங்களுக்கு என்னைத்தான் அனுப்புவார்கள். முப்பது என்று தொடங்கினேன். மதாம் சிரித்துக்கொண்டே அறுபது என்றார். காலநிலையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்துவிட்டு நாற்பது என்றேன். அறுபது என்றார். கடைசியில், சரி, எனக்குச் சரிவராது என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தேன். யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில் அந்த நடைக்கு மசியாத வியாபாரியை நான் பார்த்ததில்லை. மதாம் எழுந்து வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, "பொன் ஜூர்னே, மிஸ்யூ" என்று வழியனுப்பினார். முதல் விலையையே கடைசி விலையாகச் சொல்கிற சனத்தோடு வாழ்வது எவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கப்பலின் பெயர் பெல் ஏலீஸ். உண்மையான நீராவிக் கப்பல். முதலாம் உலகப் போருக்கு முன் கட்டியது. சாப்பாட்டு அறைச் சுவரில் பழைய படங்கள் தொங்கும். மேல்தட்டில் தொப்பி வைத்த சீமாட்டிகள், மீசை முறுக்கிய கனவான்கள், ஊதுகுழல் கோஷ்டி. கீழ்த்தட்டில் கோழிக்கூடு, பால் தகரம், அவற்றின் மேல் குந்தியிருக்கும் கமக்காரர். அந்தக் காலத்தில் சென்ட் லூயி ஏரியைக் கடப்பதென்றால் கப்பல்தான். காலையில் கப்பல், மத்தியானம் கப்பல், மாலையில் ஊர் திரும்பக் கப்பல். ஏரிக்கரை விடுதிகள் கப்பல் ஊதுகிற சத்தத்துக்குத்தான் சூப்பை அடுப்பில் வைக்குமாம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் றோலான். கப்பலின் எந்திரக்காரர். அவருடைய தகப்பனும் அதே எந்திரத்தில் வேலை செய்தவர்.

"ரயில் எங்களைக் கொல்லவில்லை" என்று றோலான் ஒருநாள் சொன்னார். "ரயிலும் எங்களைப் போலத்தான். நேரத்துக்கு வராதவனை விட்டுவிட்டுப் போகும். எங்களைக் கொன்றது கார். அது வாசலிலேயே நின்று காத்திருக்கும்."

காருக்கு ஆட்கள் போனபின் ஏரியில் ஒவ்வொரு கப்பலாக நின்றது. பெல் ஏலீஸை மட்டும் யாரோ வாங்கிக் கரையில் கட்டி, உணவகம் ஆக்கினார்கள். அங்கேதான் எண்பதுகளின் கடைசியில், அகதியாக வந்த புதிதில், கிறிஸ்தோப்பர் கோப்பை கழுவினான். யாழ்ப்பாணத்துக் கடலோரப் பாசையூர்க்காரன். பிறந்ததிலிருந்து படகு என்றால் ஓடுகிற பொருள் என்று நினைத்திருந்தவன். ஓடாத கப்பலின் அடியில் நின்று வருடக்கணக்காகக் கோப்பை கழுவியது அவனை என்னவோ செய்துவிட்டது. ஒவ்வொரு இரவும் வேலை முடிந்து போகும்போது எந்திர அறைக் கதவைத் தட்டிவிட்டுப் போவானாம், உள்ளே யாரோ நோயாளி படுத்திருப்பதுபோல.

பிறகு சென்ட் லோரன்டில் விமான உதிரிப்பாகக் களஞ்சியத்தில் வேலை, கல்யாணம், ரொக்ஸ்பரோவில் வீடு என்று எல்லாரையும்போல இருந்தான். இரண்டாயிரத்து நான்கில் உணவகம் மூடப்பட்டு, கப்பல் ஏலத்துக்கு வந்தது. கிறிஸ்தோப்பர் வீட்டை விற்று அதை வாங்கினான். "உனக்கென்ன விசரோ?" என்று நான் கேட்டதற்கு, "அண்ணை, இது ஓடும்" என்றான். அது எனக்கு மறுமொழி இல்லை. பிரெஞ்சில் பரீட்சை எழுதி, இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் கப்பலோட்டப் பத்திரமும் எடுத்தான்.

ஓடவும் ஓடியது. முதல் கோடையில் கப்பலில் கால் வைக்க இடமில்லை. பூப்படைந்த பெட்டைகளுக்குச் சாமத்தியவீடு, சின்னப் பிள்ளைகள் நற்கருணை வாங்கும் முதல்நன்மை, வெள்ளிவிழா, பழைய மாணவர் ஒன்றுகூடல், எல்லாம் ஏரி நடுவில். சாறிகள் நனைந்தன, எனக்கும் வியாபாரம் நடந்தது. இரண்டாம் கோடையில் பாதிச் சனம். மூன்றாம் கோடையில் யாரைக் கேட்டாலும், "உவன்ரை கப்பல்தானே, அது பாத்தாச்சு" என்றார்கள். வெள்ளைக்காரர் நூறு வருடம் எடுத்துச் செய்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் எங்கள் ஆட்கள் மூன்று கோடையில் முடித்துக் காட்டினார்கள்.

குற்றம் முழுவதையும் சனத்தின் தலையில் போட முடியாது. கிறிஸ்தோப்பர் காத்திருந்தான். அதுதான் வினை. ஒரு சாமத்தியவீட்டுக்கு மாமன்காரர் வரவில்லை. மாமன் இல்லாமல் எப்படி வெளிக்கிடுவது? நின்றது. மாமன் வந்தார். "வீடியோக்காரனை ஏத்தப் போனனான், அவன் வீட்டிலை சாப்பிடச் சொல்லிப்போட்டான்" என்றார். அடுத்த முறை சம்பந்தி வரவில்லை. அதற்கடுத்த முறை கேக் வரவில்லை. கொதிகலனின் நெருப்பு இதையெல்லாம் அறியாது. நின்றாலும் எரியும், ஓடினாலும் எரியும். றோலான் புகைக்கூண்டடியில் நின்று கத்துவார். கியூபெக்காரருக்குக் கோபம் வந்தால் கோயில் பீடத்துச் சாமான்களின் பெயரெல்லாம் வசவாக வாயில் வரும். கிறிஸ்தோப்பரின் மனைவி சிசிலி சிலுவை போட்டுக்கொண்டு காதைப் பொத்துவாள்.

இப்படியாக ஊர் முழுவதற்கும் ஒரு விசயம் தெரிந்துபோயிற்று: கிறிஸ்தோப்பரின் கப்பல் நிற்கும்.

நிபந்தனை வந்த வாரம் அவனைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயில் வாசலால் வருகிற ஒவ்வொருவரின் கையையும் பிடித்தான். நான் சைவக்காரன் என்றாலும் அன்றைக்கு அவனோடு போய் நின்றேன்.

"வாற ஞாயிறு, பன்னிரண்டு மணி. டிக்கெட் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்."

நான் அவனை ஒரு பக்கமாக இழுத்தேன். "சும்மா எண்டு சொல்லாதை. சும்மா குடுக்கிற சரக்கிலை ஏதோ பழுது எண்டுதான் சனம் நினைக்கும்."

"நான் சரக்கு விக்கேல்லை அண்ணை. எனக்கு அறுபது பேர் வேணும்."

"அப்ப நேரத்தையாவது முன்னுக்குச் சொல்லு. ஒம்பது எண்டு சொன்னால் பன்னிரண்டுக்கு வந்து சேருவினம்."

"மூண்டு வருசமா அப்பிடித்தானே சொன்னனான். நான் ஒம்பது எண்டால் அவையள் அதிலை எவ்வளவு கூட்டுவினம் எண்டு எனக்கும் தெரியும், நான் எவ்வளவு குறைச்சுச் சொல்லியிருக்கிறன் எண்டு அவையளுக்கும் தெரியும். இந்த முறை உள்ளதைச் சொல்லப் போறன். பன்னிரண்டு எண்டால் பன்னிரண்டு."

எடுத்த எடுப்பிலேயே உண்மையைச் சொன்னவன் எவனும் வியாபாரத்தில் உருப்பட்டதாக எனக்கு நினைவில்லை. 

பாட்டுக் குழுத் தலைவர் தேவதாசன் வந்து அவன் தோளில் கை போட்டார். "டேய் தம்பி, என்ன முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறாய்? உன்ரை கப்பலை இரும்புக்காரனிட்டைப் போக விடுவமே? பாட்டுக் குழுவையே கொண்டந்து இறக்கிறன். வாசிக்க ஓகன் வேணுமோ, அதையும் ஏத்திறன்."

"நேரத்துக்கு வந்தால் போதும் அண்ணை."

"வருவம் எண்டுறன்."

தேவதாசனின் மனைவி அக்னெஸ் சிசிலியைக் கட்டிப்பிடித்தாள். "றோல்ஸ் பொரிச்சுக் கொண்டாறது என்ரை பொறுப்பு மச்சாள். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

எல்லாரும் ஓம் என்றார்கள். ஒருவரும் பொய்க்குச் சொல்லவில்லை. அதை நான் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே புகைக்கூண்டில் புகை. செப்டம்பர் வெயில், ஏரியில் சின்னச் சின்ன அலை. கிறிஸ்தோப்பர் வெள்ளைச் சட்டை போட்டு, பித்தளையெல்லாம் துடைத்து வைத்திருந்தான். சிசிலி ஏணிப்படிக்குப் பூ கட்டியிருந்தாள். மதாம் திபோ ஏணியடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஆள் எண்ணுகிற சின்னக் கருவி. ஒருவர் ஏறினால் ஒரு அமுக்கு, டிக் என்று சத்தம்.

முதல் டிக் கேட்டது பேராசிரியர் ரவிசங்கருக்கு. இரண்டாவது அவருடைய மனைவி அனுசூயாவுக்கு. தமிழ்நாட்டுக்காரர். என் கடைக்கு வந்தபோது நான் சொல்லிவைத்திருந்தேன்.

"பன்னண்டுன்னு சொன்னீங்க. பதினொண்ணுக்கே வந்துட்டோம். பரவாயில்லையா?" என்றார் பேராசிரியர்.

பரவாயில்லையா என்றதும் கிறிஸ்தோப்பர் அவர் கையைப் பிடித்தவன், விட மறந்துபோனான். "வாங்கோ சேர், வாங்கோ. இருங்கோ. விரும்பின இடத்திலை இருங்கோ."

அனுசூயா நீண்ட மேல்தட்டைப் பார்த்தார். வரிசை வரிசையாக மர வாங்குகள், உட்கார ஆளில்லை. "மத்தவங்க எல்லாம் எங்கங்க?"

"வருகினம் அம்மா."

றோலானின் பழைய சிநேகிதர் சிலர் வந்தார்கள். டிக், டிக். சைக்கிளில் போன ஒரு சோடி என்னவென்று கேட்டு ஏறியது. டிக், டிக். அதன்பின் கருவி சத்தம் போடவில்லை. கிறிஸ்தோப்பர் செல்போனில் ஒவ்வொருவராக அழைத்தான். எல்லாரும் ஒரே மறுமொழிதான் சொன்னார்கள். "கிட்டடியிலை வந்திட்டம்."

எங்கள் ஆட்கள் 'கிட்டடியில்' என்றால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். அவனுக்கும் தெரியும். போனை மூடிவிட்டு, தெருவைப் பார்த்தான். வெறும் தெரு. மதாமைப் பார்த்தான். மதாம் ஏரியைப் பார்த்தார். வெளியே பாய்ப்படகுகள் ஒவ்வொன்றாக வெள்ளைப் பாயை விரித்துக்கொண்டிருந்தன.

"குணம் அண்ணை" என்றான். "போய்ப் பாருங்கோவன். எங்கையாவது வழி பிழைச்சு நிக்கினமோ தெரியாது. இருபது நிமிசம் கிடக்கு. ஆரையாவது... அம்பது பேரை எங்கையாவது பிடிச்சுக் கொண்டாங்கோ அண்ணை."

நான் என் வான் வண்டியை எடுத்தேன். தேடுவதற்கு அவசியமே இருக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு டோனட் கடை. அதன் முன்னால் பெரிய வாகனத் தரிப்பிடம். திரும்பியதும் என் கண்ணை நானே நம்பவில்லை.

கோயில் பங்குச் சனம் முழுவதும் அங்கே நின்றது.

வான்கள், கார்கள், வரிசை வரிசையாக. கண்ணாடி ஏற்றியபடி. உள்ளே பட்டுச் சாறி, கோட், பூ வைத்த பெட்டைகள், மடியில் ஈயத்தாளால் மூடிய தட்டுகள். ஒருவரும் இறங்கவில்லை. ஒருவரும் கோப்பி வாங்கப் போகவில்லை. எல்லாரும் காருக்குள் இருந்தபடி மற்றக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விளங்கிவிட்டது. எங்கள் கொண்டாட்டத்துக்கு முதலில் போகிறவனின் கதி எல்லாருக்கும் தெரியும். கதிரை அடுக்க வேண்டும். பலூன் ஊத வேண்டும். அண்டா தூக்க வேண்டும். அதைவிடப் பெரியது, வெறும் மண்டபத்தில் நடுவில் இருந்து, சாப்பாட்டுக்கு அந்தரப்பட்டு ஓடிவந்தவன்போல முழிக்க வேண்டும். அந்தப் பெயரை ஒரு மானமுள்ள குடும்பம் எடுக்காது. அதனால் எந்த ஊரிலும் எங்கள் ஆட்கள் மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தி, நாலு பேர் போனபின் ஐந்தாவதாகப் போவார்கள். அன்றைக்கு எல்லாரும் கிறிஸ்தோப்பருக்காக நேரத்துக்கே வந்திருந்தார்கள். நேரத்துக்கே வந்ததுதான் பிழையாகப் போயிற்று. வழக்கம்போல ஆளுக்கொரு நேரத்தில் வந்திருந்தாலும் நாலு பேர் முன்னால் போயிருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்ததால் எல்லாருமே ஐந்தாவது ஆளாக நின்றார்கள்.

தேவதாசனின் வான் கண்ணாடியைத் தட்டினேன். ஒரு அங்குலம் இறக்கினார்.

"ஆர் ஆர் போயிருக்கினம் அண்ணை?"

"ஒருத்தரும் இல்லை! கெதியா வாங்கோ!"

"ஒருத்தரும் இல்லையோ?" அவர் முகம் சுருங்கியது. "அப்ப நாங்கள் மட்டும் போய் என்ன செய்யிறது?"

"ஐயோ, எல்லாரும் இஞ்சைதானே நிக்கிறியள்! திரும்பிப் பாருங்கோ!"

"அதுதானே. அவையளும் நிக்கினம்தானே. ஏன் அந்தரப்படுறியள்?"

"பன்னிரண்டுக்குக் கப்பல் போயிடும்!"

பின் இருக்கையிலிருந்து அக்னெஸ் சிரித்தாள். "கிறிஸ்தோப்பரோ? எங்களை விட்டிட்டோ? சும்மா பகிடி விடாதையுங்கோ."

அடுத்த வானுக்கு ஓடினேன். அதில் சிவநேசம் மாஸ்ரர். அவரும் சைவக்காரர், ஆனால் கப்பலுக்கு மதம் இல்லை என்று வந்திருந்தார். "பெண்வழிச் சொந்தம் முன்னுக்குப் போகட்டும். நான் வெளியாள். முதல் ஆளாய்ப் போய் ஏறினால் நல்லா இராது" என்றார். அடுத்த கார்க்காரர் தேவதாசன் போனால் தானும் போவதாகச் சொன்னார். தேவதாசன், மாஸ்ரர் வயதுக்கு மூத்தவர், அவர் போகட்டும் என்றார். பத்து வயதில் துணிக்கடைப் படியில் நின்று சனத்தை உள்ளே கூப்பிட்டவன் நான். தெருவில் போகிறவனைக் கையைப் பிடித்து இழுத்துச் சாறி விற்றவன். அன்றைக்கு என் வித்தை எல்லாம் கொட்டினேன். கெஞ்சினேன். கத்தினேன். கதவுப் பிடியைப் பிடித்து ஒரு காரை ஆட்டினேன். உள்ளே இருந்த பிள்ளை, "மமோ, கஸ்கில் ஃபே?" என்று, இந்த ஆள் என்ன செய்கிறான் எனத் தாயைப் பிரெஞ்சில் கேட்டு, பயந்து அழுதது.

கடைசியில் என் வானை முன்னால் விட்டு, "நான்தான் முதல்! நான் கதிரை அடுக்கிறன்! பின்னாலை வாங்கோ!" என்று கைகாட்டினேன். அப்போதுதான் ஒவ்வொரு எந்திரமாக உறுமியது. அதிலும் தரிப்பிட வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். நீங்கள் போங்கோ. இல்லை, நீங்கள். பெரியாக்கள் முதலிலை.

துறைக்கு வந்து இறங்கும்போது கப்பல் ஒருமுறை நீளமாக ஊதியது. நான் முன்னால் ஓடினேன். பின்னால் கதவுகள் திறந்தன, சனம் இறங்கத் தொடங்கியது. ஆனால் வெறுங்கையோடு ஒருவரும் வருவதில்லையே. இறைச்சிக் கறி அண்டா. றோல்ஸ் பெட்டி. மடிப்புக் கதிரை. ஒலிபெருக்கி. சக்கர நாற்காலியில் அக்னெஸின் தாய். தேவதாசன் சொன்ன வாக்குத் தவறாமல் ஓகனையும் கொண்டுவந்திருந்தார். அதை இறக்க நாலு பேர்.

"எல்லாத்தையும் விட்டிட்டு ஓடுங்கோ! கறியை விடுங்கோ!"

"கறியை விட்டிட்டு எப்பிடிப் போறது அண்ணை? அங்கை போய் என்னத்தைச் சாப்பிடுறது?"

மதாம் திபோ கதிரையிலிருந்து எழுந்து, மணிக்கூட்டைப் பார்த்து, மேலே நின்ற கிறிஸ்தோப்பருக்குத் தலையசைத்தார். அவன் சுக்கான் அறைக்கு வெளியே வந்து நின்றான். புல்வெளியில் பட்டுச் சாறியும் அண்டாவுமாக வருகிற கூட்டத்தை அவன் பார்த்தான். நான் இரண்டு கையையும் ஆட்டினேன். நில் என்று காட்டினேனா, போ என்று காட்டினேனா, எனக்கே தெரியாது. அவன் முகத்தில் அப்போது கோபம் இருக்கவில்லை. கோப்பை கழுவிய காலத்தில் கடைசிக் கோப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைப்பானே, அந்த முகம்.

"அல்பேட்!" என்று கூப்பிட்டான். அல்பேட் சிசிலியின் தம்பி. "கயிறை எடு."

"அத்தான், அவையள் வருகினம்..."

"எடு எண்டுறன்."

கயிறு தண்ணீரில் விழுந்தது. பெல் ஏலீஸ் மெதுவாகக் கரையை விட்டு விலகியது. மேல்தட்டில் பேராசிரியரும் அனுசூயாவும் சைக்கிள் சோடியும் றோலானின் சிநேகிதரும் பரந்து கிடந்த வாங்குகளுக்கு நடுவே நின்று கையசைத்தார்கள். மூன்று கோடையில் முதன்முறையாக அது நேரத்துக்குப் புறப்பட்டது.

கூட்டம் கரையில் வந்து சேர்ந்தது. தேவதாசன் மூச்சு வாங்கியபடி சிரித்தார். "பாத்தியளே! எங்களுக்கு வெருட்டுக் காட்டிறான். ஒரு சுத்துச் சுத்திப்போட்டுத் திருப்பிக்கொண்டு வருவான்." எல்லாரும் கையசைத்தார்கள். பிள்ளைகள் "சலூ, சலூ" என்று கத்தி வழியனுப்பின. யாரோ போட்டோ எடுத்தார்கள். செம்மஞ்சள் நிறச் சின்னப் படகு இரண்டு வந்து துறை வாசலைக் கயிற்றால் மூடியதை என்னைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. பாய்ப்படகுகள் வெள்ளை வெள்ளையாக நடுவில் புகுந்தன. அவற்றின் பின்னால் கப்பலின் புகை மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கதிரைகளை விரித்தார்கள். கறி ஆறுகிறது என்றாள் அக்னெஸ். சாப்பிட்டார்கள், பாடினார்கள், ஓகன் வாசித்தார்கள். கப்பல் இல்லாமல் கப்பல் விழா அருமையாக நடந்தது. கிறிஸ்தோப்பருக்கும் சிசிலிக்கும் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தார்கள்.

பந்தயம் முடிந்து மாலையில் பெல் ஏலீஸ் திரும்பியபோது கரை நிறைந்திருந்தது. கப்பலைக் கரையில் கட்டி முடிக்கவில்லை, அதற்குள் தேவதாசன் கோபித்துக்கொண்டார். "என்ன தம்பி, இவ்வளவு சனம் வந்திருக்க, ஒரு பத்து நிமிசம் பொறுத்திருக்கக் கூடாதே? அப்பிடி என்ன அந்தரம்?"

கிறிஸ்தோப்பர் கயிற்றை முடிந்துகொண்டிருந்தான். ஏணியில் இறங்கிக்கொண்டிருந்த சிசிலிதான் நின்றாள். அவள் சத்தம் போட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"மூண்டு வருசம் பொறுத்தவர்தானே! உங்கள் எல்லாருக்கும் நிண்டு நிண்டுதானே! இண்டைக்கு ஒரு நாள், ஒரேயொரு நாள், அவருக்காக நீங்கள் வந்து நிண்டால் என்ன?"

"நாங்கள் அப்பவே வந்திட்டமே பிள்ளை" என்றார் மாஸ்ரர், உண்மையாகவே குழம்பிப்போய். "பதினொண்டரைக்கே வந்திட்டம். அங்கை, டோனட் கடையடியிலை."

சிசிலி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்னெஸ் சோற்றுத் தட்டோடு கிட்டப் போய், என்ன செய்வதென்று தெரியாமல், அதைப் பிடித்தபடி நின்றாள்.

நான் மதாம் திபோவிடம் போனேன். கரையில் நிற்கிறவர்களை எண்ணச் சொன்னேன். இவர்களும் வந்தவர்கள்தான், இரண்டு தெரு தள்ளி நேரத்துக்கே நின்றவர்கள்தான் என்றேன். மதாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் கையிலிருந்த கருவியைத் திருப்பி எனக்குக் காட்டினார். அதில் ஒன்பது என்று இருந்தது. "கரையில் நிற்கிறவரைப் பயணி என்று நான் எப்படி எழுதுவது, மிஸ்யூ?" என்றார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் விலை விலைதான்.

அதன்பின் ஒருநாள் கிறிஸ்தோப்பரிடம் கேட்டேன். ஐந்து நிமிடம் பொறுத்திருந்தால் ஒருவேளை மதாம் கண்ணை மூடியிருப்பாரே என்றேன்.

"நிண்டு நிண்டுதான் அண்ணை இது ஓடாமல் போனது" என்றான். "கடைசியா ஒருக்கா, கப்பல் மாதிரிப் போகட்டும் எண்டு விட்டன்."

களஞ்சியத்தில் திரும்ப வேலைக்குக் கேட்டிருந்தான். இல்லை என்றுவிட்டார்கள். சிசிலி ரொறொன்ரோவில் இருக்கிற தமக்கையோடு போனில் கதைக்கத் தொடங்கியிருந்தாள். அவன் பகல் முழுவதும் கப்பலிலேயே இருந்தான். எந்திர அறையில் விளக்கு எரியும். நெருப்பு இல்லை, நீராவி இல்லை. உள்ளே றோலானும் அவனும் ஒரு பித்தளைக் குழாயைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். இரும்புக்காரனுக்குத் துடைத்த பித்தளை எதற்கு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஒக்டோபரில், காலை எட்டு மணிக்கு இழுவைப் படகு வரும் என்று அறிவித்தார்கள். நான் நேரத்தோடே போனேன். தனியாக நிற்பான் என்று நினைத்தேன்.

துறையில் கார் நிறுத்த இடம் இருக்கவில்லை.

முழுப் பங்கும் எனக்கு முதலே வந்து நின்றது. கறுப்பும் வெள்ளையுமாக உடுப்பு. கையில் அண்டா இல்லை, பிளாஸ்கில் கோப்பி மட்டும். எங்கள் ஆட்கள் ஒரேயொரு காரியத்துக்கு மட்டும் நேரத்துக்கு முதலே போவார்கள், கூப்பிடாமலே போவார்கள், போய்க் கதிரையும் அடுக்குவார்கள். செத்தவீட்டுக்கு. அக்னெஸ் சிசிலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தேவதாசன் ஏணியைத் தானே இழுத்துச் சரிப்படுத்தினார். "ஒருக்கா ஏறிப் பாக்கட்டோ தம்பி?" என்று கேட்டார். கிறிஸ்தோப்பர் தலையாட்டினான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் ஏறினார்கள். சக்கர நாற்காலியைக் கூடத் தூக்கி ஏற்றினார்கள். வாங்குகள் நிறைந்தன, நடைபாதை நிறைந்தது. கப்பல் தண்ணீரில் கொஞ்சம் தாழ்ந்ததை நான் கண்ணால் கண்டேன்.

இழுவைப் படகுதான் பிந்தியது. காற்று என்றார்கள்.

கிறிஸ்தோப்பர் மேல்தட்டில் நின்று, முனையிலிருந்து முனைவரை ஒருமுறை பார்த்தான். பிறகு கரையில் நின்ற மதாம் திபோவைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

"எண்ணுங்கோ மதாம்" என்றான். தமிழில்தான் சொன்னான். பிறகு பிரெஞ்சில் சொன்னான். "இப்ப எண்ணுங்கோ."

மதாம் ஏணியேறி வந்து அவனைப் பார்த்தார். கோட்டுப் பையில் கையை விட்டுக் கருவியை எடுத்தார். டிக். டிக். ஒருவரும் அசையவில்லை. பிள்ளைகளும் அசையவில்லை. பின்வரிசையில் நின்றவர்கள் தெரியட்டும் என்று தேவதாசன் குனிந்துகொண்டார். டிக். டிக். மதாமின் உதடு அசைந்தது. கருவியின் சத்தம் அறுபதைத் தாண்டியது என்று எனக்குத் தெரியும், நானும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைசி ஆள்வரை எண்ணினார். எண்ணி முடித்து, அந்தக் கருவியைக் கிறிஸ்தோப்பரின் கையில் வைத்தார். அவன் அதைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

தூரத்தில் இழுவைப் படகு ஊதியது. கிறிஸ்தோப்பர் கயிற்றடிக்குப் போய், குனிந்து முடிச்சில் கை வைத்தான்.

"சரி" என்றான், நிமிராமலே. "எல்லாரும் இறங்குங்கோ."

இறங்குகிற ஏணி திறந்துதான் கிடந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதல் ஆளாக ஒருவரும் இறங்கவில்லை.